ஜாஸ் அண்ணர்

ஒரு பாட்டுக் கேட்டால் ஒரு பாடத்திட்டமே தருகிற ஆட்கள் உண்டு. லீவில் ஊருக்கு வருகிற வெளிநாட்டுக்காரரிடையே இந்த இனம் இப்போது தனியாகத் தெரிகிறது. மற்றவர்கள் சொக்லேட்டும் சென்ட் போத்தலும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவருவது ஒரு ஸ்பீக்கரும், செத்துப்போன அமெரிக்கர்கள் பலருடைய பெயர்களும். ஊர் அவருக்கு ஜாஸ் அண்ணர் என்று பெயர் வைத்துவிட்டது. அது பாராட்டா நையாண்டியா என்று அவர் விசாரிப்பதில்லை.

ஓலைத்தொடுவாய்க்கு அவர் வருவது சோழகம் தணிந்த பிறகுதான். அம்மாவுக்குச் சொல்லும் காரணம் டிக்கெட் விலை. உண்மைக் காரணம், மன்னார்த் தீவில் காற்று மூர்க்கமாக அடிக்கிற மாதங்களில் சிம்பலின் மெல்லிய சத்தம் காதில் எடுபடாது.

அவருக்கு ஆள் வேண்டும். வீட்டில் ஆள் கிடைக்காது; மனைவி எப்போதோ தப்பிவிட்டார், பிள்ளைகள் ஹெட்போன் போட்டுவிட்டார்கள். ஆகவே கடற்கரை வாடிதான் வகுப்பறை. அங்கே வலை பொத்திக்கொண்டிருப்பவர்கள் நினைத்தாலும் எழும்பிப் போக முடியாது.

இந்தமுறை அகப்பட்டவன் ஒரு இளந்தாரி. அவன் கேட்டது சின்ன விஷயம். "அண்ணே, டூயட் படத்தில ஒரு சாக்ஸபோன் வருமே, அது மாதிரி வேற ஏதும் இருக்கா?"

அண்ணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஜாஸ் இல்லைத் தம்பி."

சரியான பதில்தான். 1994இல் வந்த அந்தப் படத்தில் ரஹ்மானுக்காக சாக்ஸபோன் வாசித்த கத்ரி கோபால்நாத், அந்த மேல்நாட்டு வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குப் பழக்கி எடுத்தவர். ஆனால் பொடியன் அது ஜாஸா என்று கேட்கவே இல்லை. இந்த வகை மனிதர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார்கள். யாரும் கேட்காததற்குச் சொல்வார்கள்.

பாடம் 1959இல் தொடங்கியது. எப்போதும் அங்கேதான் தொடங்கும். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ', டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்', சார்ல்ஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்', ஓர்னெட் கோல்மனின் 'த ஷேப் ஒஃப் ஜாஸ் டு கம்' எல்லாமே அந்த ஒரே வருஷத்து இசைத்தட்டுகள். "ஐம்பத்தொன்பது, தம்பி! ஐம்பத்தொன்பது!" என்று அண்ணர் உருகினார். பக்கத்தில் படகு நிழலில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் கண்ணைத் திறந்து, "ஓம், பண்டாரநாயக்காவைச் சுட்ட வருஷம்," என்றார். பிறகு மூடிக்கொண்டார்.

'கைண்ட் ஒஃப் புளூ'வைப் போடுவதற்கு முன் ஒரு முன்னுரை கட்டாயம். 1959 மார்ச் 2ஆம் திகதி ஒலிப்பதிவில் நாடா இயந்திரம் ஒன்று கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டதால், பழைய இசைத்தட்டின் முதல் பக்கத்துப் பாட்டுகள் மூன்றும் ஒரு மயிரிழை சுருதி ஏறித்தான் ஒலித்தன. 1992 மறுவெளியீட்டில்தான் அதைத் திருத்தினார்கள். "திருத்தினதைத்தான் கேட்க வேணும்," என்று அண்ணர் எச்சரித்தார். இதை அவர் போட்டுக்காட்டியது மீன் பேணி அளவான ஒரு ஸ்பீக்கரில். பின்னால் ஒரு படகு எஞ்சினை யாரோ இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்.

இனி முக்கியமான கட்டம். அண்ணர் இசையைக் கேட்பதில்லை, கேட்கிறவனுடைய முகத்தைப் பார்க்கிறார். ஜோன் கோல்ட்ரேன் உள்ளே வருகிற இடத்துக்கு ஒரு நொடி முன்னால் விரலை உயர்த்துவார். பில் எவன்ஸின் பியானோ வந்தால் தலையை ஒரு பக்கம் சரிப்பார். பொடியனின் புருவம் அசைந்தால் அவருக்குப் பெருநாள். வலையைக் குனிந்து பார்க்கவும் வழியில்லாமல், சவரக் கடைக் கதிரையில் இருப்பவனைப்போல அவன் கழுத்தை நேரே வைத்துக்கொண்டிருந்தான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு ரசிகன் மிஞ்சியிருப்பான். ஆனால் கொஞ்சம் பிடித்திருக்கிறது என்று தெரிந்தவுடன் ஆழக்கடலுக்குத் தள்ளிவிடுவது இவர்களுடைய வழக்கம். கோல்ட்ரேன் 1965இல் பதினொரு பேரை வைத்துப் பதிவுசெய்த 'அசென்ஷன்' நாற்பது நிமிஷத்துக்குக் கிட்ட ஓடும். ஊதுகுழல்காரர் ஏழு பேர். சில நிமிஷம் போனதும் பொடியன் மரியாதையாகக் கேட்டான்: "அண்ணே, கழுதை கத்துறது உதுக்குள்ளேயோ, வெளியிலயோ?"

மன்னாரில் இது நியாயமான கேள்வி. அண்ணர் எட்டிப் பார்த்தார். வெளியில்தான்.

கோபம் வந்தால் அவர் வரலாற்றுக்குப் போய்விடுவார். 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் புரூபெக் இலங்கைக்கு வந்தார். 1963இல் அதேபோல டியூக் எலிங்டன் தன் முழு இசைக்குழுவோடு வந்தார். அந்தப் பயணத்தின் விளைவாகப் பிறந்த 'ஃபார் ஈஸ்ட் சூட்' 1967இல் வெளிவந்தது. அதில் ஆக்ராவுக்கு ஒரு பாட்டு, ஈரானின் இஸ்ஃபஹானுக்கு ஒரு பாட்டு, டெல்லியில் கேட்ட ஒரு மைனாவுக்குக்கூட ஒரு பாட்டு. இலங்கைக்கு ஒன்றும் இல்லை. இந்த வஞ்சனையை அண்ணர் சொந்தக் காணி பறிபோனமாதிரிச் சொல்வார்.

புரூபெக் பெயர் வந்ததால் 'டேக் ஃபைவ்' வந்தது. போல் டெஸ்மண்ட் எழுதியது. ஐந்து அடித் தாளம். அண்ணர் கையை உயர்த்தி, மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஐந்து அடி எவ்வளவு அபூர்வம் என்று தொடங்கினார். அதற்குள் படகு நிழலில் தட்டுச் சத்தம் கேட்டது. பெரியவர் கண்ணைத் திறக்காமலே படகுப் பலகையில் விரலால் போட்டுக்கொண்டிருந்தார்: தகிட தக, தகிட தக. இளமையில் நாட்டுக்கூத்துக்கு மத்தளம் அடித்தவராம். "கண்டச் சாப்பைத் திருப்பிப் போட்டிருக்கிறான்," என்றார். "தக தகிட எண்டு வரவேண்டியது." பொடியன் வலையைப் போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் முகத்தில் ஏதாவது நடந்தது என்றால் அப்போதுதான். அண்ணர் அதைப் பார்க்கவில்லை. அவர் பெரியவருக்கு டெஸ்மண்டின் வாழ்க்கை வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணரின் கைபேசியிலேயே பொடியனுக்கு ஏற்ற வாசல்கள் எத்தனையோ கிடந்தன. கத்ரியும் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் சேர்ந்து ஊதிய 'கின்ஸ்மென்' 2008இல் வந்தது. பொடியன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அதுதான். ஜோன் மக்லொக்லினின் சக்தி குழுவில் வயலின் வாசித்த எல். சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பன் லக்ஷ்மிநாராயணா அங்கே சங்கீத ஆசிரியர், 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. அலிஸ் கோல்ட்ரேன் 1971இல் 'ஜேர்னி இன் சச்சிதானந்தா' என்று பெயர் வைத்தது எந்தச் சச்சிதானந்தருக்காகவோ, அந்தக் கோயம்புத்தூர்ச் சாமியார் அமெரிக்கா போகுமுன் திருகோணமலையிலும் கண்டியிலும் ஆச்சிரமம் நடத்தியவர்.

எல்லாவற்றுக்கும் மேலே விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்த பியானோக்காரர். அவருடைய 2009 'ஹிஸ்டோரிசிட்டி'யில் எம்.ஐ.ஏ.யின் 'கலாங்' பாட்டு பியானோவில் வருகிறது. எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர் என்பது பொடியனுக்கு நன்றாகத் தெரியும். அண்ணர் அந்த ஆல்பத்தைப் போடத்தான் செய்தார். அந்தப் பாட்டு வந்ததும், "இது சும்மா விளையாட்டுக்கு வாசிச்சது," என்று தாண்டி அடுத்ததுக்குப் போய்விட்டார்.

லீவு முடிந்தது. கட்டுநாயக்காவில் இருந்தே வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது: லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1920களின் ஹொட் ஃபைவ் பதிவுகளிலிருந்து தொடங்கி, ஆண்டு வரிசையில், எதை ஸ்பீக்கரில் கேட்கலாம், எதை ஹெட்போனில் மட்டும் கேட்கலாம் என்ற குறிப்புகளோடு. அடியில் ஒரு வரி: வரிசையை மாற்றக் கூடாது.

பொடியன் உடனே பதில் போட்டான். "அண்ணே, டேட்டா முடிஞ்சுது. ரீலோட் போட்டு விடுறீங்களோ?"

அண்ணர் விமானம் ஏறுமுன் போட்டுவிட்டார், ஒரு நிபந்தனையோடு. அதில் டூயட் பார்க்கப்படாது.