வராதவர்கள் நீட்டிய ஓட்டுச்சீட்டு

கேள்வி: அமெரிக்க மாநிலங்களில் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று மக்களிடமே ஓட்டு கேட்கிறார்களாமே! ஒரு தேர்தலில் கேள்விகள் குவிகின்றன, இன்னொன்றில் குறைகின்றன. ஏன்?

பதில்: கலிபோர்னியாவில் 2014 நவம்பரில் 6 கேள்விகள். 2016 நவம்பரில் 17! ஒரு சட்டத்தை மக்களே முன்மொழிய, கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் 5 சதவீத அளவுக்குக் கையெழுத்து திரட்ட வேண்டும். 2014-இல் பலர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை. ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்த கையெழுத்துத் தேவை 3,65,880 ஆகச் சரிந்தது. ஓட்டுப்போட வராதவர்களே அடுத்த ஓட்டுச்சீட்டை நீட்டிவிட்டார்கள்!

டெக்சாஸ் கதை வேறு. அங்கே சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் வழக்கமாகக் கூடும். அது அனுப்பும் அரசியல் சட்டத் திருத்தங்களில் பெரும்பாலானவை அதே ஆண்டு நவம்பரிலேயே ஓட்டுக்கு வந்துவிடும். 2023-இல் 14, 2025-இல் 17. அதிபர் தேர்தலும் இல்லை, ஆளுநர் தேர்தலும் இல்லை. எனவே கூட்டமும் இல்லை. வீட்டில் பாதிப்பேர் ஊரில் இல்லாத நாளில் பாகப்பிரிவினை பேசுவது போன்றது இது. எனக்கு உடன்பாடில்லை.

2025-இல் அந்த 17 திருத்தங்களும் நிறைவேறின.