எட்டு பாஸ் அண்ணன்

வெளிப்புற வினைல் அச்சில் வண்ணம் பளிச்சென வர என்ன வழி என்று படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சரியான ஐசிசி புரொபைல், சூடேறிய தட்டு, நாலு பாஸுக்குப் பதில் எட்டு பாஸ். பாவம். நம் ஊர் பிளக்ஸ் கடையில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: "அண்ணனை நல்லாக் கலரா வைங்க!"

இதில் சிக்கனமும் உண்டு. சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில், முகங்களுக்குக் கறுப்பு தேவைப்படுவதே இல்லை. வட்டச் செயலாளர் முதல் மாநிலத் தலைவர் வரை எல்லோரும் காஷ்மீர் ஆப்பிள். எழுபது வயதுத் தலைமுடிக்குத்தான் முழுக் குப்பி ஒதுக்க வேண்டும். மெஷின் நாலடி, அண்ணன் நாற்பதடி என்றாலும் கவலையில்லை. துண்டு துண்டாக அடித்து ஒட்டிவிடலாம். ஒட்டு மூக்கில் விழுந்தால் அது கம்பீரம்.

உயிரோடிருப்பவர் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இருண்ட காலத்தையும் கலை தாண்டி வந்தது.

வெயிலுக்குத்தான் கட்சிக் கட்டுப்பாடு தெரியவில்லை. மஜெந்தாவும் மஞ்சளும் முதலில் வெளுக்க, சயான் மட்டும் தங்கிவிடுகிறது. சித்திரையில் செக்கச் சிவந்து ஏறிய கடவுள் மறுப்பாளர் அண்ணன் ஒருவர், ஆவணியில் கார்வண்ணனாக நிற்கிறார். கோகுலாஷ்டமியன்று கம்பத்தடியில் யாரோ வெண்ணெய் வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் தரப்பில் மறுப்பேதும் இல்லை. புல்லாங்குழல் ஒன்று சேர்க்க எவ்வளவு ஆகும் என்று கடையில் விசாரித்ததாகத் தகவல்.