பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட புண்ணியவான்கள்

சாலமன் பிரதர்ஸில் கடன் பத்திர வியாபாரம் பார்த்துப் பேரெடுத்த ஜான் மெரிவெதர், 1994-ல் அமெரிக்காவின் கிரீன்விச் ஊரில் தனிக்கடை போட்டார். பெயர் லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட். கூட்டாளிகளில் மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் என்று இரண்டு வாத்தியார்கள். ஆப்ஷனுக்கு விலை போடும் சூத்திரத்துக்காக 1997-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள்.

தொழில் என்னவோ சில்லறை வியாபாரம்தான். அமெரிக்க அரசின் புத்தம்புது 30 வருஷப் பத்திரத்துக்குக் கிராக்கி. ஆறு மாசம் பழசானால் விலை ஒரு இழை மலிவு. பழசை வாங்கு, புதுசை இரவல் வாங்கி விற்று வை, விலை இரண்டும் நெருங்கும்வரை காத்திரு. கிடைப்பது காலணா. அதைக் கூடையில் அள்ளக் கடன் வேண்டாமா? 1998 தொடக்கத்தில் கைமுதல் 470 கோடி டாலர், கடன் சுமார் 12,500 கோடி. மேதைகளிடம் அதிக ஈடு கேட்க வங்கிகளுக்குக் கூச்சம்!

1997 கடைசியில், பணம் மிதமிஞ்சிவிட்டதென்று 270 கோடி டாலரை வெளி முதலீட்டாளர்களிடம் திருப்பித் தந்தார்கள். பந்தியில் பாதியில் எழுப்பிவிடப்பட்ட சம்பந்தி மாதிரி அவர்கள் முகத்தைத் தூக்கினார்கள். முன்ஜென்மப் புண்ணியம், பாவம், அப்போது புரியவில்லை.

1998 ஆகஸ்ட் 17-ல் ரஷ்யா கடனுக்குக் கைவிரித்தது. மிரண்டுபோன உலகம் மொத்தமும் புது அமெரிக்கப் பத்திரத்துக்குள் ஓடி ஒளிந்தது, பழசைச் சீந்துவாரில்லை. போதாக்குறைக்கு, இவர்களைக் காப்பியடித்து அதே சரக்கை வாங்கிக் குவித்திருந்த மற்ற கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் விற்கக் கிளம்பினார்கள். சூத்திரத்தில் அந்தப் பயல்களுக்கு இடமே ஒதுக்கவில்லை. ஒரு நாளில் மூன்றரைக் கோடிக்கு மேல் போகாது என்று கணக்குச் சொன்னது. 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை போனது 55 கோடி.

செப்டம்பரில், மூழ்கிக்கொண்டிருந்த கடையைக் கரையேற்ற நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி பஞ்சாயத்தைக் கூட்டியது. 14 நிறுவனங்கள் முனகிக்கொண்டே சுமார் 360 கோடி போட்டன. பேர் ஸ்டெர்ன்ஸ் நிறுவனமோ சல்லிக்காசு தர மறுத்துவிட்டது.

மெரிவெதர் அசரவில்லை. 1999-ல் அடுத்த கடை. இந்தமுறை கடன் கம்மியாம். அதற்கும் பணம் கொடுக்க ஆள் வந்தது. 2009-ல் அதையும் இழுத்து மூடிவிட்டு, சூட்டோடு சூடாக மூன்றாவதற்குப் பூஜை போட்டார்.