தொப்பியைத் தொட்டால் ஆண்பால்

பாதிரியார் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே நல்ல மனுஷன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வாய்ப்பு வராது. 1760களில் பாரிஸில், காது கேளாத பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலேயே, சொந்தக் காசில் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர்கள் கையால் பேசிக்கொள்வதைப் பார்த்து அதையே பாடம் நடத்தும் வழியாக்கினார். அதுவரை எல்லாம் சுபம்.

அப்புறம்தான் அந்தக் குறை அவர் கண்ணில் பட்டது. பிள்ளைகளின் சைகையில் பிரெஞ்சு இலக்கணம் இல்லை! பிரெஞ்சே அல்லாத ஒரு மொழியில் அது இல்லாதது பெரிய அதிசயமில்லைதான். ஆனால் 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்காரரிடம் அதை யார் சொல்வது? பாதிரியார் ரிப்பேர் வேலையில் இறங்கினார்.

பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்டும் சின்னச் சொல் ஒன்று வரும். ஆண்பாலா, தொப்பி விளிம்பைத் தொடு. பெண்பாலா, பெண்களின் தலையணி வந்து முடியும் காதோரத்தைத் தொடு என்று விதி செய்தார். பிரெஞ்சில் மேஜை பெண்பால். ஆகவே மேஜையைப் பற்றிப் பேச வந்த பையன் முதலில் காதுக்கு ஒரு கும்பிடு போட்டாக வேண்டும். இறந்தகாலத்துக்குக் கையைத் தோளுக்குப் பின்னால் வீச வேண்டும். பிரெஞ்சில் இறந்தகாலம் ஒன்றோடு நிற்கிறதா என்ன? ஒரு வகைக்கு ஒரு வீச்சு, இன்னொன்றுக்கு இரண்டு, அதற்கும் முந்தியதற்கு மூன்று. சரித்திர வகுப்பென்றால் அந்த அறைக்குள் ஈ கூட நுழைந்திருக்காது. 'புரியாத தன்மை' என்ற பொருளில் ஒரு நீளமான சொல்லுக்கு ஐந்து சைகைகள். சொல்லும் புரியவில்லை, சைகையும் புரியவில்லை; பொருத்தம் பிரமாதம்.

வேடிக்கை பார்க்கப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். 1777இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பே வந்தார். ஆசிரியர் சைகை காட்ட, பிள்ளைகள் பிழையில்லாத பிரெஞ்சில் எழுதித் தள்ளினார்கள். சபை மெய்மறந்தது. எழுதியது எழுதியவருக்குப் புரிந்ததா என்று கேட்பது நாகரிகமில்லையே! பாடம் முடிந்ததும் பிள்ளைகள் தொப்பியையும் தோளையும் விட்டுவிட்டு, தங்கள் பழைய சைகையில் ஊர்வம்பு பேசப் போய்விட்டார்கள்.

1779இல் பியேர் தெலோஜ் என்ற புத்தக பைண்டர் ஒரு புத்தகம் போட்டார். ஏழு வயதில் அம்மை வந்து காது போனவர். பாரிஸில் வாத்தியாரே இல்லாமல் வளர்ந்த காது கேளாதோர்கூட, உலக விஷயம் அத்தனையையும் சைகையிலேயே அலசுகிறார்கள் என்று எழுதினார். அறிஞர் பெருமக்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த வம்புப் பேச்சில் இலக்கணம் இல்லாமலா இருந்தது? இன்றைய அமெரிக்கச் சைகை மொழியைப் பாருங்கள். அதன் ஒரு வேர் பாரிஸில்தான் இருக்கிறது. முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் அண்ணனை வலப்பக்கமும் தங்கையை இடப்பக்கமும் சுட்டி வைத்துவிடுகிறார்கள். 'கொடு' என்ற சைகை வலமிருந்து இடம் போனால், அண்ணன் தங்கைக்குக் கொடுத்தான். திரும்பி வந்தால், தங்கை அண்ணனுக்குக் கொடுத்தாள். நான்காம் வேற்றுமை காற்றிலேயே முடிந்தது. புருவம் உயர்ந்தால் 'கொடுத்தானா?' என்ற கேள்வி. புருவம் சுருங்கி 'யார்' என்ற சைகையும் சேர்ந்தால் 'யார் கொடுத்தது?' தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே சைகை செய்தால் 'கொடுக்கவில்லை.' பாதிரியார் தொப்பியில் தேடிய இலக்கணம் தொப்பிக்குச் சற்றுக் கீழே, நெற்றியில் இருந்தது.

1880இல் மிலான் நகரத்தில் காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களின் மாநாடு கூடியது. ரிப்பேர் எதற்கு, மொழியையே தூக்கிவிடலாம் என்பது புதிய ஞானம். வந்தவர்கள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வாய்ப்பேச்சே உயர்ந்தது என்ற தீர்மானம் 160க்கு 4 என்று நிறைவேறியது. மீன்பிடிப்பைப் பற்றிக் கொக்குகள் மாநாடு போட்டு, மரியாதைக்கு ஒரு மீனையும் அழைத்த கதைதான். அதன்பின் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகளின் கையைக் கட்டி உட்கார வைத்த பள்ளிகளும் உண்டு. பிள்ளைகளோ, வாத்தியார் தலை மறைந்ததும் விடுதியில் கையை அவிழ்த்துக்கொண்டார்கள். மொழி பிழைத்தது அப்படித்தான்.

1955இல் வாஷிங்டனில் காது கேளாதோர் படித்த காலடெட் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க வில்லியம் ஸ்டோக்கி வந்தார். இடைக்காலக் கவிஞர் சாஸர் காலத்து ஆங்கிலம் படித்தவர், சைகை தெரியாதவர். தெரியாததால் கவனித்துப் பார்த்தார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசைவு என ஒவ்வொரு சைகையையும் பகுத்து, இது முழுமையான மொழி என்று 1960இல் எழுதினார். சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். சைகையிலேயே பேசி வளர்ந்தவர்களில் சிலரும் சிரித்தார்கள். உன் பேச்சு மொழியே இல்லை என்று எண்பது வருடம் சொன்னால், பேசுகிறவனே நம்பிவிடுவான். புருவத்தின் வேலையைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

மிலானில் கூடிய அதே மாநாடு, 130 வருடம் கழித்து, 2010இல் வான்கூவரில் தன் பழைய தீர்மானங்களுக்கு வருத்தம் தெரிவித்தது. ஒரு மொழிக்கு இலக்கணம் உண்டா என்று தெரிய வேண்டுமானால், அதைப் பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஓட்டெடுப்பெல்லாம் அதற்கு வேண்டாம்.