எதுக்கும் சார்

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கும் சிலிண்டர் போடுகிற பையனுக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் தெருவுக்கு அவர் ‘எதுக்கும் சார்’.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். “எதுக்கும் ஒரு குடை எடுத்துக்கோ” என்பார். மறுநாள் சென்னையில் வேலை என்றால், “எதுக்கும் இன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறிடு” என்பார். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த எதிர்வீட்டுப் பெண் லட்டு கொடுக்க வந்தாள். லட்டை வாயில் போட்டு முழுசாக முழுங்கிவிட்டுச் சொன்னார்: “ப்ளஸ் ஒன்லதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. எதுக்கும் டைப்ரைட்டிங் கத்து வெச்சுக்கோ.”

அரசாங்க ஆபீசில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதி எழுதியே ரிட்டயர் ஆனவர். பென்ஷன் ஒழுங்காக ஒன்றாம் தேதி வருகிறது. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அவர் வீட்டு அம்மா வேறு ஜாதகம். அரிசி டப்பா காலியானால் “அரிசி இல்ல” என்று அந்த வாயால் வராது. “அரிசி நிறைஞ்சிருக்குங்க, ஒரு மூட்டை சொல்லிடுங்க” என்பார். ‘போறேன்’ என்று சொல்லிக்கொண்டு யாரும் அவர் வீட்டுப் படியிறங்க முடியாது. இழுத்துப் பிடித்து ‘போயிட்டு வரேன்’ சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். சாமி விளக்கை அணைக்க வேண்டுமென்றால் ‘மலையேத்திடு’. எந்த ஊரிலும் வழங்குகிற வார்த்தைதான். ஆனால் எங்கள் ஊரான திருவண்ணாமலையில் விளக்கு மலையேறுவது அணைவதற்கு அல்ல, எரிவதற்கு. அந்த அம்மாவுக்கு அதெல்லாம் குழப்பமே இல்லை. மலையேறினாலும் மங்கலம், இறங்கினாலும் மங்கலம்.

இந்த அம்மா இலக்கணம் மீறாதவர் என்பது தமிழாசிரியர்களுக்குத் தெரியும். நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்று உண்டு; அதில் ஒன்றுக்குப் பெயரே மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்று சொல். செத்தார் என்னாதே, துஞ்சினார் என்று சொல். நம்பிக்கையோடு இருப்பதை மற்ற ஊர்களில் ஒரு குணம் என்பார்கள். நாம் அதைப் பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாகவே வைத்துவிட்டோம்.

அப்படியானால் எதுக்கும் சார் அவநம்பிக்கைக் கட்சியா? நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஷோபன்ஹவரைப் படித்துவிட்டு அவர் திண்ணையில் போய் உட்கார்ந்தது என் தப்பு. வாழ்க்கை என்பதே துன்பம் என்று பக்கம் பக்கமாக எழுதிய அந்த ஜெர்மானியர் உபநிடதங்களை லத்தீனில் படித்து உருகினவர். வளர்த்த நாய்க்கு ஆத்மா என்று பேர் வைத்தவர். சார் காது கொடுத்துக் கேட்டார். “நாய்க்கு ஊசி போட்டாராமா?” என்றார். அவ்வளவுதான் தத்துவ விசாரம்.

இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று லைப்னிட்ஸ் சொன்னதையும், லிஸ்பன் பூகம்பத்துக்கு நாலு வருஷம் கழித்து, 1759இல், வால்டேர் ‘காந்தீத்’ எழுதி அந்தப் பேச்சைக் கிழித்துத் தொங்கவிட்டதையும் சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அம்மா, “பூகம்பம் கீகம்பம்னு விளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு?” என்றார். வால்டேர் அத்தோடு சரி.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஐரோப்பாக்காரர்களுக்கு இது அபிப்பிராயம். உலகம் கெட்டது என்று நம்பினார்கள், சொன்னார்கள். எங்கள் சார் நம்புவதைச் சொல்வதில்லை. சொன்னால் நடக்காது என்பதற்காகச் சொல்கிறார். புது வீட்டு வாசலில் கண்ணை உருட்டி நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு பூசணிக்காய் தொங்குகிறதே, அது அந்த வீட்டுக்கு விரோதியா? சார் எங்கள் தெருவின் பூசணிக்காய். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறவர் அவர். கெட்டதைச் சொன்னால் பலித்துவிடும் என்று பயப்படுகிறவர் அம்மா. இருவருக்கும் பயம் ஒன்றே, வைத்தியம்தான் வேறு. இந்த இரண்டு வைத்தியமும் சேர்ந்து 2 பெண்களைக் கட்டிக்கொடுத்து, 3 பேரன் பேத்தி பார்த்துவிட்டன.

பௌர்ணமிதோறும் கிரிவலம் உண்டு. 14 கிலோமீட்டர், வெறுங்கால். சார் தோளில் ஒரு மஞ்சப்பை: குளுக்கோஸ், பிளாஸ்திரி, டார்ச், டார்ச்சுக்கு மாற்று பேட்டரி, குடை. அம்மா கையில் சூடம் மட்டும். எமலிங்கத்தில் சார் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். குபேரலிங்கத்தில் அம்மாவை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். இடுக்குப் பிள்ளையாரிடம் வந்ததும் கூட வந்தவர்கள் எல்லாரும் ஒருக்களித்து, தவழ்ந்து, வயிற்றை எக்கி உள்ளே நுழைவார்கள். நுழைந்து வெளியே வந்தால் உடம்பு வலி போகும் என்பது நம்பிக்கை. சார் நுழையமாட்டார். ஏழெட்டுப் பேரின் செல்போன், மூக்குக்கண்ணாடி, கைப்பை எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். “யாராவது மாட்டிக்கிட்டா ஆளைக் கூப்பிட வெளியில ஒருத்தன் வேணும்ல?” வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஒரு அதிகாரமே எழுதினார், துன்பம் வந்தால் சிரி என்று. அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போகும்போது செல்போனை யாரிடம் கொடுத்தார் என்பது மட்டும் திருக்குறளில் இல்லை.

ஊர்க்கதைகளையும் அவர் இப்படித்தான் படிப்பார். வாழ்க்கை வெறுத்த அருணகிரிநாதர் வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து விழ, முருகன் தாங்கிப் பிடித்தான் என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சார் குறுக்கிட்டார். “அவருக்கு முருகன் இருந்தாரு.” மறு மாதமே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாடை உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டார்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்தில் மண் சரிந்தது. பாறை உருண்டு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். இதை எந்த மங்கல வழக்கில் சொல்வது என்று அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. சார் நாலு நாள் திண்ணைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிளாஸ் ஆறிப்போகிறவரைக்கும் கையிலேயே வைத்திருந்தார்.

“பஸ் கவுறும்னு சொல்லியிருக்கேன். கரண்ட் போவும்னு சொல்லியிருக்கேன். நெரிசலாவும்னு வருஷா வருஷம் சொல்றேன். மலை சரியும்னு மட்டும் ஒரு வாட்டி கூட சொல்லலை சார்.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. புறநானூற்றில் கணியர் இருவர் இருக்கிறார்கள். கணியர் என்றால் நாள் கணிப்பவர், வரப்போவதைச் சொல்வது தொழில். கணியன் பூங்குன்றனாரை எல்லாருக்கும் தெரியும். 192ஆம் பாட்டு. இரண்டு பாட்டுத் தள்ளி, 194இல், பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாவுப்பறை, ஒரு வீட்டில் கல்யாண மேளம், இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று ஒரேயடியாகத் திட்டிவிட்டு, தெரிந்தவர்கள் இதிலும் இனிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறார். சாரிடம் சொல்லலாமென்று பார்த்தேன். டீயைக் கொட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. மலை ஏறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. தெருவே கவலையில் இருந்தது. பழைய தெம்பு சாருக்குத் திரும்பியது அதனால்தான். “2,668 அடி மேல, ஈரத்துல, கொப்பரையைத் தூக்கி, நெய்யைத் தூக்கி... ஆவாது. இந்த வருஷம் ஆவவே ஆவாது” என்று காலையிலிருந்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்கக் கேட்க எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

மாலை ஐந்தரைக்கெல்லாம் அவர் வீட்டு மாடியில் இருந்தோம். கைப்பிடிச் சுவர் தாடை உயரம் என்பதால் அகல் வரிசை வைக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. ஏறியது சார். ஆறு மணி. கோயில் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. உச்சியில் ஒரு புள்ளி, அடுத்த நொடி கொழுந்து. ஊர் முழுக்க “அரோகரா!” சார் ஸ்டூல் மேல் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். இறங்கவில்லை.

“பதினோரு நாள் எரியணுமே” என்றார்.

அம்மா முறைத்தார். சார் ஒவ்வொரு அகலாக ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு காற்று. ஓரத்து அகல் போய்விட்டது. சார் வாயில் ‘அணை’ வரைக்கும் வந்தது, அம்மாவின் கண்ணைப் பார்த்தார், முழுங்கினார்.

“மலையேறிடுச்சும்மா” என்றார் பரிதாபமாக.

அடுத்த மாடியில் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, உச்சியைப் பார்த்தபடி உணர்ச்சிவசப்பட்டுக் கத்தினார். “ஆமாங்கய்யா, ஏறிடுச்சு! என்ன ஜொலிப்பு! அரோகரா!”

சார் தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். காலி. மஞ்சப்பையில் இன்னொன்று இருந்தது.