பதினாறா, ஒன்றா?

எங்கள் காலத்துக் கணக்குப் புத்தகத்தில் 'சுருக்குக' என்று ஒரு பகுதி வரும். சுருக்கச் சொன்ன கணக்கு கரும்பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீளும். மூன்று விதமான அடைப்புக்குறி, போதாததற்கு எண்களின் தலைக்கு மேல் ஒரு கோடு. வாத்தியார் 'பாட்மாஸ்' என்பார். அடைப்பு முதலில், பிறகு வகுத்தல், பெருக்கல், கடைசியில் கூட்டல், கழித்தல். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. பிரம்பு மேசைமேலேயே இருந்தது. அரைப்பக்கம் போராடினால் பெரும்பாலும் 0 வரும், இல்லையென்றால் 1. புத்தகத்தின் கடைசிப் பக்கமும் அதையே சொன்னால் வழக்கு முடிந்தது.

இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிறது: 8÷2(2+2). 'மேதைகளுக்கு மட்டும்' என்று மேலே ஒரு வரி. வங்கியில் ஓய்வுபெற்ற பெரியப்பா 16 என்கிறார். "இல்ல மாமா, 1தான்" என்கிறார் அவர் வீட்டு மாப்பிள்ளை. நடுவில் அத்தை ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். நம் வீட்டுச் சண்டை மட்டுமல்ல இது. 2019இல் இதே கணக்குக்கு உலகமே அடித்துக்கொண்டது; ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுத வேண்டியிருந்தது.

பாட்மாஸில் வகுத்தல் முன்னால் நிற்பதால் அதற்கே முதல் மரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் 'பெம்டாஸ்'ஸில் பெருக்கல் முன்னால் நிற்கிறது! உண்மையில் இரண்டும் சமம். இடமிருந்து வலமாகச் செய்துகொண்டே போகவேண்டும். அப்படிப் போனால் 16. ஆனால் 2(2+2) என்று ஒட்டி எழுதியதை ஒரே உறுப்பாகப் பார்க்கும் வழக்கமும் கணிதத்தில் உண்டு. அதன்படி 1. கால்குலேட்டரைக் கேட்கலாமென்றால் அதுவும் மாடலுக்கு மாடல் கட்சி மாறுகிறது. விண்டோஸ் கால்குலேட்டரில் 2+3×4 போட்டால் ஸ்டாண்டர்ட் முறையில் 20, சயின்டிஃபிக் முறையில் 14. ஒரே கணினி, ஒரே விரல்.

அன்று விடை மட்டும் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. இன்று ஆளுக்கொரு காரணம் இருக்கிறது, விடைதான் கிடைக்கவில்லை. இந்த ÷ குறி 1659இல் யோகான் ரான் என்பவரின் புத்தகத்தில் வகுத்தலுக்காக அச்சேறியது. இதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஐஎஸ்ஓ 80000-2 தரம். கணிதக்காரர்கள் பின்னமாக மேலும் கீழும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆகவே, அனுப்பும் உறவினர்களே, (8÷2)(2+2) என்று எழுதுங்கள், 16. அல்லது 8÷(2(2+2)) என்று எழுதுங்கள், 1. ஒரு ஜோடி அடைப்புக்குறிக்கு டேட்டா ஒன்றும் தீர்ந்துவிடாது.