சீர்வரிசையில் வந்த ஸ்பேனர்

என் கல்யாணம் 1986-ல். சீர்த்தட்டு வரிசையில் குத்துவிளக்குக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவில் ஒரு ஸ்பேனர் செட்டும் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வாய் உள்ள ஸ்பேனர்கள் எட்டு; 6-7-ல் ஆரம்பித்து 20-22 வரை. மேலே மஞ்சள் குங்குமம் வேறு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் அதில் சின்னதாக ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, பாக்குவெட்டியில் இது என்ன புது மாடல் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். மாமியார் நேராகவே கேட்டுவிட்டார்: "நல்ல காரியத்துல இரும்பை வைக்கலாமா சம்பந்தி?" அப்பா பதறவில்லை. "இது இரும்பு இல்லீங்க சம்பந்தியம்மா, குரோம் வெனேடியம்" என்றார். தங்கத்துக்கு அடுத்தது அதுதான் என்கிற தோரணையில் சொன்னதால் மாமியார் மேற்கொண்டு பேசவில்லை.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1920-களின் கடைசியில் திருச்சிக்கு வந்தது. அன்று முதல் அந்தப் பக்கத்து வீடுகளில் யாரும் எதையும் அவ்வளவு லேசில் தூக்கி எறிந்ததில்லை என்பது என் அனுமானம். பிற்பாடு ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்து அனுப்பிய பட்டறை அது. அங்கே சம்பளம் வாங்கியவரின் மகள், குழாய்க்கு வாசர் மாற்ற ஆள் தேடித் தெருவில் நிற்பதா? அவருக்கு அது மானப் பிரச்சினை.

நான் கட்டிக்கொண்டவர் நேர் எதிர். அரசாங்கத்தில் கணக்கு வேலை. எது கெட்டாலும் "ஆளைக் கூப்பிடலாம்" என்பார். பல்பு போனாலும் ஆள், கதவு கிறீச்சிட்டாலும் ஆள். அந்த ஆள் யார், எங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்கிற விவரங்களுக்குள் அவர் போகமாட்டார். எங்கள் பக்கத்தில் ஆள் என்பவர், நாளைக் காலையில் முதல் வேலையாக உங்கள் வீடுதான் என்று சொல்லிவிட்டு, பிறகு போனில் அகப்படாத ஒரு ஜீவன். ஆகவே அவர் ஆளுக்காகக் காத்திருந்த நேரத்தில் நான் வேலையை முடித்துவிடுவேன். அவர் கடைசிவரை ஆள் வந்து போனதாகவே நினைத்துக்கொண்டிருந்த பழுதுகளும் உண்டு.

கை வேலை தெரிந்தவர்கள் வெளியே சொல்லாத ஒரு ரகசியத்தைச் சொல்கிறேன். சாமான் சரியாகி ஓடும்போது வருவது நிம்மதி. சுகம் அதற்கு முன்னாலேயே வந்து போய்விடுகிறது. திருகாணிகளையெல்லாம் கழற்றி, மேல்மூடியை மெதுவாக நெம்பி, உள்ளே எட்டிப் பார்க்கிறோமே, அந்த நேரம்தான் சுகம். அதுவரை அந்த மிக்ஸி கடைக்காரர் விற்ற ஒரு சாமான். அதன் கார்பன் தேய்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு நம் வீட்டு மனுஷன். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கையெல்லாம் கிரீஸாகத் தரையில் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் காபி கேட்கமாட்டார்கள். குடும்பஸ்திரீக்கு இதைவிட உத்தமமான விடுமுறையை நான் கண்டதில்லை.

கழற்றுகிற வரிசையிலேயே ஆணிகளை வைக்க வேண்டும், திரும்ப மாட்டும்போது கடைசியிலிருந்து வர வேண்டும் என்பது அப்பாவின் முதல் பாடம். பட்டறையில் அதற்கு என்ன வைத்திருந்தார்களோ தெரியாது. வீட்டில் இட்லித்தட்டுதான் அதற்கென்றே செய்தது மாதிரி அமைந்தது. முதல் ஆணி முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். ஒரு தட்டு நிரம்பினால் மேலே இன்னொரு தட்டு. ஒருநாள் கணவரின் இட்லிக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாசர் பூப்போல வெந்திருந்தது. அவர் கத்தவில்லை. அதை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்து, பேரேட்டில் காலணா இடித்தால் காட்டுகிற அதே நிதானத்தோடு, "இது எதுல குறையுது?" என்று மட்டும் கேட்டார். டேபிள் ஃபேனில் குறைந்தது. அன்றிலிருந்து அந்தத் தட்டுக்குச் சமையலறையில் அனுமதி இல்லை. டூல் பெட்டியில் குடியிருக்கிறது.

எங்கள் கூடத்தில் மாமனார் காலத்து பென்டுலம் கடிகாரம் ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கிற ரகம். முகத்தில் இரண்டு ஓட்டை. ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று மணி அடிப்பதற்கு. நான் வந்தபோதே அது நின்றுபோயிருந்தது. மாமனாரின் மூச்சு நின்ற அன்றைக்கே அதுவும் நின்றது என்று குடும்பத்தில் ஒரு கதை. மாமியார் அதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும், கேட்பவர்களுக்கும் கலங்கும். திறந்து பார்த்தால் பல்லி முட்டை. பெரிய சக்கரத்தின் பல்லிடுக்கில் முட்டையோடு ஒட்டி இறுகியிருந்தது. கதையை நான் கலைக்கவில்லை. முட்டையை மட்டும் எடுத்தேன்.

பென்டுலம் கடிகாரத்துக்குக் காது வேண்டும். டிக்குக்கும் டாக்குக்கும் நடுவே இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். 'டிக்டாக்... டிக்டாக்' என்று நொண்டி நடை நடந்தால் பெட்டி கோணலாக மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ரசமட்டமெல்லாம் அப்புறம். கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் அடியை ஒரு நூல் இந்தப் பக்கம், அரை நூல் அந்தப் பக்கம் என்று தள்ளித் தள்ளிக் கேட்க வேண்டும். நான் சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்த பால்காரர், வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

நடை சரியானால் வேகம். பென்டுலத்தின் குண்டுக்கு அடியில் ஒரு சின்ன நட் இருக்கும். கடிகாரம் முந்தினால் குண்டை இறக்க வேண்டும், பிந்தினால் ஏற்ற வேண்டும். தண்டு நீளமானால் ஆட்டம் மெதுவாகும், அவ்வளவுதான் சங்கதி. வெயில் காலத்தில் இரும்புத் தண்டு தானாகவே கொஞ்சம் நீளும். பத்து டிகிரி சூடு ஏறினால் நாளுக்கு ஐந்து விநாடி போலப் பின்தங்கும் என்பது கணக்கு. எங்கள் கடிகாரம் திருச்சி வெயிலில் நாளுக்குப் பத்து நிமிஷம் பின்தங்குகிறது. மிச்ச நேரத்துக்கு யார் பொறுப்பு என்று இன்னும் முடிவாகவில்லை.

மணி அடிப்பது தனிக் கதை. எத்தனை அடிக்க வேண்டும் என்பதற்கு உள்ளே தனிச் சக்கரம் ஒன்று. விளிம்பில் வெட்டு வெட்டாக இருக்கும். முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அக்கறை இல்லை. ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இருக்கிற இரண்டு அரசாங்க அலுவலகங்கள் மாதிரி. யாராவது முள்ளைக் கையால் திருப்பிவிட்டால் போதும், நாலு மணிக்கு ஏழு அடிக்கும். சரிசெய்ய ஒரே வழி, உள்ளே இருக்கிற கம்பியை விரலால் தூக்கிவிடுவது. தூக்கினால் அடுத்த எண்ணிக்கையை அடிக்கும். முள்ளும் மணியும் சேருகிறவரை தூக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். முழுச் சுற்றும் போனால், அரைமணிக்கு ஒரு அடியையும் சேர்த்து 90 அடி. இந்த வேலையை இரவு பதினோரு மணிக்குச் செய்வது உசிதமல்ல என்று மாடியில் குடியிருப்பவர்கள் அபிப்பிராயப்படுகிறார்கள்.

முதல் தடவையாக நாலு மணிக்கு நாலு அடித்தபோது மாமியார் கூடத்துக்கு வந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க மாமா இருந்தா இந்நேரம் காபி கேட்டிருப்பாரு" என்றார். பிறகு கடிகாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். விடுமுறை முடிந்தது.

பரணில் இருக்கிற பாத்திரங்களை இறக்கித் தேய்ப்பதையும் நான் இந்த வேலைகளோடுதான் சேர்ப்பேன். பெயர் வெட்டிய பாத்திரம்தான் எங்கள் குடும்பத்தின் ஆவணக் காப்பகம். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கறுத்த பித்தளையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக மேலே வரும். ஒரு அண்டாவில் மாமனாரின் அப்பா பெயர், அடுத்து திருவானைக்கோவில் என்று ஊர். அந்த 'னை' தும்பிக்கையோடு நிற்கிற பழைய எழுத்து. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது; அண்டாவுக்கு நகல் போடவில்லை போலிருக்கிறது. ஆனைக்காவின் பெயரில் தும்பிக்கை இருப்பதுதானே முறை.

எவர்சில்வர் சாமான்களில் பெயர் புள்ளி புள்ளியாக இருக்கும். கடையிலேயே மெஷினால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். வெட்டுகிறவர் அவசரத்தில் இருந்தால் நம் பெயரில் ஒரு கால் காணாமல் போகும். என் பெயர் மூன்று விதமான எழுத்துப் பிழைகளோடு எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஒரு டவராவில் மட்டும் எங்களுக்குச் சம்பந்தமில்லாத இனிஷியல். யார் வீட்டுக் காதுகுத்துக்கோ பலகாரம் வைத்து வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டது. யாருடையது என்று மாமியாருக்குத் தெரியும். "அவங்ககிட்ட நம்ம ஜோடுதவலை இருக்கு. அது வரட்டும், இது போகும்" என்பார். இரண்டு வீட்டிலும் தலைமுறை மாறிவிட்டது. பிணைக்கைதிகளைப் பற்றிப் பேச்சுவார்த்தை தொடங்கவில்லை.

அப்பாவின் ஒயர் நாற்காலியும் இங்கே வந்து சேர்ந்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், பச்சையும் வெள்ளையுமாகப் பின்னல். சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டேன். பின்னலில்தான் கை வைக்க முடியவில்லை. நெல்லிக்காய், சிவன் கண், பிஸ்கட் என்று எல்லாப் பின்னலிலும் கூடை போட்ட கை இது. நாற்காலிப் பின்னல் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் பழைய ஒயரில் அப்பா உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதை எப்படி அவிழ்ப்பது? நாள் தள்ளிக்கொண்டே போனேன். கணவர் அதில் பேப்பர் படிக்க உட்கார்ந்து, ஒயர் அறுந்து, பள்ளத்தோடு தரைவரை இறங்கிய பிறகு பிரச்சினை தானாகத் தீர்ந்தது. புது ஒயர் வாங்கிவந்து பின்னிவிட்டேன். இப்போது அதில் அவருடைய பள்ளம் விழுந்துகொண்டிருக்கிறது. அகலம் கொஞ்சம் அதிகம்.

இப்போது வருகிற சாமான்களிடம் எனக்கு மனஸ்தாபம் உண்டு. ஆணியே இருக்காது, ஒட்டி அனுப்புகிறார்கள். இருந்தால் மூன்று மூலை வெட்டிய ஆணியாக இருக்கும். நம்மிடம் உள்ள எந்தத் திருப்புளியும் சேராது. சேரக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி வெட்டுகிறார்கள். 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே தொடங்கியது. நல்ல காரியம், கணவர் அதைப் பேப்பரில் படித்து எனக்கு வாழ்த்துச் சொன்னார். அப்பாவாக இருந்தால் அந்த உரிமையை யாரிடம் கேட்பது என்று விசாரித்திருக்கமாட்டார். அரத்தை எடுத்து, ஒரு பழைய திருப்புளியின் முனையை மூன்று மூலையாக ராவியிருப்பார். டூல் பெட்டியில் இப்போது அப்படி ராவிய திருப்புளி ஒன்று இருக்கிறது. யார் ராவியது என்று நான் சொல்லப்போவதில்லை.

செய்தி எப்படியோ தெருவில் பரவிவிட்டது. முதலில் எதிர்வீட்டு அக்கா குக்கரோடு வந்தார். விசில் வரவில்லை, ஆவியெல்லாம் பக்கவாட்டில் போகிறது. தொய்ந்த கேஸ்கட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்பது ஊரறிந்த வைத்தியம். அக்கா அந்த வைத்தியத்தை அதன் ஆயுள் முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அடுத்து வந்தவர் குக்கரைப் பார்த்து எனக்கே குலை நடுங்கியது. சேஃப்டி வால்வு போன இடத்தில் ஒரு போல்ட்டை முடுக்கி வைத்திருந்தார். உள்ளே தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் முதலில் உருகி வழிவிடட்டும் என்றுதான் அந்த வால்வில் சீக்கிரம் உருகுகிற உலோகத்தை வைக்கிறார்கள். அங்கே போல்ட் வைப்பது அடுப்பில் வெடிகுண்டு வைப்பது. உட்காரவைத்து அப்பாவின் குரலிலேயே திட்டினேன். காசு வாங்காத மெக்கானிக்குக் கிடைக்கிற ஒரே கூலி அதுதான், அதையும் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

இதற்குள் கணவர் ஓய்வுபெற்றுவிட்டார். கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? நீள நோட்டு ஒன்று வாங்கி வந்து கோடு போட்டார். வரிசை எண், தேதி, பொருள், கொண்டுவந்தவர், குறை, குறிப்புரை. வாசலுக்கு நேராக அந்த ஒயர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "கேஸ்கட் மட்டும்தானா? அப்ப நில்லுங்க, இப்பவே ஆயிடும். கைப்பிடின்னா வெள்ளிக்கிழமை வாங்க." குடையோடு வருகிறவர்களிடம் மழைக்காலத்துக்கு முன்னாலேயே வந்திருக்கலாமே என்று கோபித்துக்கொள்கிறார். ஆயுசு முழுக்க ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர், இப்போது அந்த ஆளுக்கே தேதி கொடுக்கிறார்.

போன வாரம் எங்கள் மிக்ஸி நின்றது. நான் நேராகத் திருப்புளியை எடுத்தேன். "என்ட்ரி போடாம எதையும் திறக்கக் கூடாது" என்றார். நோட்டைப் பார்த்தால் எங்களுக்கு முன்னால் ஒரு டேபிள் ஃபேன், இரண்டு குக்கர், பின்தெரு வாத்தியாரின் டார்ச் லைட். முறை மாற்ற முடியாதாம். அது அலுவலக ஒழுங்காம். சரிங்க என்று சொல்லிவிட்டு நோட்டை வாங்கினேன். பொருள்: மிக்ஸி. குறை: ஓடவில்லை. குறிப்புரை: பழுது நீங்கும்வரை சட்னி அம்மியில் அரைக்கப்படும். அரைப்பவர் என்று எழுதி அவர் பெயரைப் போட்டுக் கையெழுத்துக்கு நீட்டினேன். படித்துப் பார்த்தார். அடுத்த நிமிஷம் டார்ச் லைட், ஃபேன், குக்கர் எல்லாவற்றையும் தாண்டி மிக்ஸி முதலிடத்துக்கு வந்தது.